சுவர்ப்பக்கம்

மெத்தைக்கு வயது பதினொன்று.
பள்ளத்துக்கு எத்தனை என்று தெரியாது.
"நீங்க உக்காந்து உக்காந்துதான்" என்பாள் தமயந்தி.
"நீ தொப்புன்னு விழுந்து விழுந்து" என்பேன்.
இந்த வழக்கு நடப்பது
காலை ஏழே காலுக்கு, வாசற்படியில்.
மாட்டுத்தாவணி வெங்காய மண்டியில்
ராக்கணக்கு முடித்து நான் வருவேன்,
ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்கு அவள் கிளம்புவாள்.
தீர்ப்பு வருவதற்குள் பஸ் வந்துவிடும்.

புதுசு பதினெட்டாயிரம் என்றார்கள்.
ஃபோம் மட்டும் என்றால்
தெற்கு வெளி வீதியில் மூவாயிரத்து நானூறு,
பசை தனி.
"டென்சிட்டி முப்பத்திரண்டா, நாப்பதாண்ணே?"
வெங்காயத்தில் ரகம் பார்க்கிற மாதிரி
அழுத்தினேன், முகர்ந்தும் பார்த்தேன்.
நாற்பது என்றேன்.
என் வயதுக்குப் பக்கத்தில் இருந்தது.

சுருட்டிக் கட்டி எக்ஸெல்லில் ஏற்றி வந்தேன்.
குருவிக்காரன் சாலைப் பாலத்தில்
ஒரு கயிறு அவிழ்ந்து
ஃபோம் பாயாக விரிந்து
என்னையும் வண்டியையும் ஆற்றுப்பக்கம் இழுத்தது.
தண்ணீரில்லாத வைகையில்
கப்பல் விட இருந்தேன்.
பின்னால் வந்த மினிபஸ்காரர்
ஹாரன் அடிக்காமல் நின்றார்.
நம்ம ஊரில் நடந்தது இது,
நம்புவதானால் நம்புங்கள்.

ஞாயிறு, மண்டிக்கு லீவு.
ஒத்தக்கடை வீட்டு மொட்டைமாடியில்
மெத்தையை மல்லாத்திப் போட்டோம்.
எதிரே யானைமலை.
எந்தக் காலத்திலிருந்தோ வெறுந்தரையில் படுத்திருக்கிறது,
முதுகுவலி என்று ஒரு நாள் சொன்னதில்லை.

ஓரப்பட்டையின் நூலை நான் பிளேடால் அறுக்க
ஸ்டேப்ளர் முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி
காலி மாத்திரை டப்பாவில் போட்டாள் அவள்.
நூற்று எழுபது வரை எண்ணினேன், தொழில் புத்தி.
துணியை உரித்தால்
ஃபோம் இருந்த இடத்தில் மஞ்சள் தூள்,
நமுத்துக் காய்ந்த ரஸ்க்கு மாதிரி.
தும்மினோம். அவள் ஆறு, நான் நாலு.

"டேப்பைப் பிடி.
யார் பள்ளம்னு இன்னைக்குத் தெரிஞ்சிரும்."
தெரிந்தது.
ஜன்னல் பக்கம், ஃபேனுக்கு நேர் கீழே
ஒரு பள்ளத்துக்குள் இரண்டு படி.
ஆழமானது என் இடுப்பு,
அதற்கு ஒரு சாண் மேலே
சின்னதாக அவளுடையது.
பகலெல்லாம் நான் அமுக்கியதை
ராத்திரி வந்து அவள் அமுக்கியிருக்கிறாள்,
ஷிப்டு மாற்றுவதுபோல.

சுவர்ப்பக்கம் பாதி மெத்தை
கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே.
விரலால் குத்தினேன், துள்ளி எழுந்தது.
"அது உங்க பக்கம்னு
விட்டு வச்சிருந்தேன்" என்றாள்.
"நானும் உன் பக்கம்னுதான்..."
ஞாயிறு ராத்திரிகளில் என்ன செய்தோம் என்று யோசித்தேன்.
வெக்கைக்கு மாடியில், ஆளுக்கொரு பாய்.
மழைநாளில்? ஞாபகமில்லை.

ரொட்டிக் கத்தியால் ஃபோமை வெட்டினோம்.
நேராக வரவில்லை.
பசையின் நெடியில் தலை கிறுகிறுத்தது.
மண்டியிலிருந்து கோணி ஊசியும் சணலும் கொண்டுவந்திருந்தேன்.
எங்கள் மெத்தையின் விளிம்பில் இப்போது
மூட்டைத் தையல்.
ஒரு சுருள்கம்பி மட்டும் 'ஙொய்' என்கிறது,
எண்ணெய் விட்டும் அடங்கவில்லை, கிடக்கட்டும்.

பழசில் நல்ல பாதியைத்
தூக்கிப் போடலாம் என்றேன், விடவில்லை.
கீழ்வீட்டு சிக்கந்தர் ஆட்டோ சீட்டுக்குக் கேட்டார்.
"யாரும் படுக்காததுண்ணே,
புதுசுதான்" என்று கொடுத்தாள்.
அதைச் சொல்லும்போது
என்னைப் பார்க்கவில்லை.

ராத்திரி
கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்,
புதுவீட்டுக்குக் குடிவந்தவர்கள்போல் நின்றோம்.
மெத்தை இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டதால்
விரிப்பின் எலாஸ்டிக் எட்டவில்லை,
இழுத்து இழுத்து மாட்டினாள்.
"நாளைக்குக் கொஞ்சம் லேட்டாப் போனா
மண்டி மூழ்கிருமா?"
நான் எதுவோ சொன்னேன்.

மூன்று மணிக்கு விழிப்பு வந்தது,
மண்டியில் லாரி வந்து நிற்கிற நேரம்.
உருட்டிவிடப் பள்ளம் எதுவும் இல்லை இப்போது.
ஆனாலும் ஜன்னல் பக்கம், ஃபேனுக்குக் கீழே,
என் தோளில் அவள் மூச்சு.
சுவர்ப்பக்கம்
விரிப்பு கழன்று
சுருண்டு கிடந்தது.