இருபது வளைவு

ஏசியை அணைக்கச் சொன்னார் ரெஜினா மேடம்.
சேலத்து மே மாதம்.
பச்சைத் துணிக்குள் நாங்கள் வெந்தோம்.
மேசையில் கிடந்த குப்பாயிக்கு மட்டும்
குளிரவே கூடாது.

கணுக்காலில் பதினோரு வருடப் புண்.
காப்பிச் செடி கவ்வாத்தில் பட்ட கீறல்,
மஞ்சக்குட்டைப் பனியில்
எலும்பு தெரியும்வரை மூடாமலே போனது.

தொடைச் சதை எடுத்து ஒட்ட வேண்டும்.
மற்றவர்களுக்கென்றால் காலில் பட்டையை இறுக்கி
ரத்தத்தை நிறுத்திவிட்டு, நிதானமாக வெட்டுவோம்.
இவளுக்கு முடியாது.
நின்ற ரத்தம் இவள் உடம்பில்
அரிவாளாய் வளையும்.

படிவத்தை வாசித்துக் காட்டினேன்:
ஒட்டிய சதை கறுக்கலாம், நெஞ்சு அடைக்கலாம்,
எழாமலும்...
நிறுத்தினாள்.
"பஸ்ஸு வளைவுல மாட்டிக்கிட்டா
பின்னாடி வர்றது அத்தனையும் நிக்கும். அதானே?"
அதுதான்.
என் ஒன்பது வருடப் படிப்பு
ஒரு கொண்டை ஊசி வளைவில்.

முந்தின நாள் அவள் ரத்தத்தை இறக்கி
வேறு ரத்தம் ஏற்றியிருந்தோம்,
ஓமலூர்க் கல்லூரிப் பையன்கள் கொடுத்தது.
"எடுத்த எம் ரத்தத்த எங்க போடுவீங்க?"
"மஞ்சப் பையில."
சிரித்தாள்,
யாரோ ஊருக்குப் புறப்படுவதுபோல.

மதியம் மூன்றிலிருந்து
மணிக்கொரு முறை, ஒட்டிய சதையில்
ஊசியால் ஒரு குத்து.
கருத்த தோல். நிறம் பார்த்து எதுவும் சொல்ல முடியாது;
நான் படித்த புத்தகத்துப் படங்களெல்லாம்
வெள்ளைக்காரத் தோல்.
புறங்கை வைத்துச் சூடு பார்ப்பேன்.
குத்துவேன்.
காத்திருப்பேன்.
சிவப்பாய் ஒரு துளி.

"எத்தனாவது வளைவு?"
தூக்கத்திலேயே கேட்பாள்.
ஏழு.
எட்டு.

பதிமூன்றில் துளி வரத் தாமதமானது.
வந்தபோது நாவல்பழ நிறம்.
போர்வையைச் சூடாக்கி, சலைனைக் கூட்டி,
ஆக்சிஜனைத் திறந்து, மேடத்தை எழுப்பி,
அவர் வந்து, ஒன்றும் பேசாமல்
இரண்டு தையலை அவிழ்த்தார்.

விடிந்தபோது ஓரத்தில்
இரண்டு விரல் அகலம் கறுத்திருந்தது.
மீதி, சூடு.
கறுத்ததை வெட்டி எடுக்க வேண்டும்.
மறுபடி தியேட்டர், மறுபடி அந்தப் படிவம்,
மறுபடி யார் ரத்தமோ.

ஜன்னலில் சேர்வராயன் மலை,
தலை மட்டும் பனிக்குள்.
அவள் விழித்துத்தான் இருந்தாள். கேட்கவில்லை.
நானே சொன்னேன்:
பதினாறு.