சேருமிடம்

என் பூண்டுக்காட்டுக்கு
சூரியோதயக் காட்சிமுனை என்று
யாரோ பேர் வைத்துவிட்டார்கள்,
போனில்.
வரப்பு முடிகிற இடத்தில்
சிவப்பாக ஒரு குண்டூசி குத்தி நிற்கிறதாம்.
குனிந்து தேடினேன்.
மண்தான்.

மன்னவனூர் ரோட்டிலிருந்து
கார் இறங்காத பாதையில் கார் இறங்கும்.
உள்ளேயிருந்து ஒருத்தி சொல்வாள்,
தூக்கமே தெரியாத குரலில்:
நீங்கள் சேருமிடம் வந்துவிட்டீர்கள்.
விடிகாலை நாலே முக்கால்.
அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருப்பேன்.
சரி, வந்துவிட்டோம் போல என்று
நானும் நினைத்துக்கொள்வேன்.

போர்வைக்குள் நிற்பார்கள்,
கோயம்புத்தூர், ஹைதராபாத், ஒருமுறை ஒரிசா,
எல்லோரும் மேற்கே பார்த்து.
என் காடு மேற்குச் சரிவு.
அந்தப் பக்கம் சூரியன் போகும்,
வந்ததில்லை.
முதலில் சொல்லிப் பார்த்தேன்.
போன்லயே திசைகாட்டி இருக்கு அக்கா என்றான் ஒருவன்.
காற்றில் எட்டுப் போட்டுச் சுழற்றிவிட்டு
மறுபடி மேற்கையே பார்த்தான்.
இன்று மழை இல்லை என்று போட்டிருப்பதை
நனைந்துகொண்டே எனக்குக் காட்டினார்கள் வேறு இரண்டு பேர்.
மருதாணி மங்காத வடக்கத்திப் பெண்ணொருத்தி
போனிடம் ஏதோ ரகசியம் சொல்ல,
அது உரக்க என்னைக் கேட்டது:
"மரியாதைக்குரிய அம்மா,
தங்கள் அவசரம் எங்கே உள்ளது?"
அவள் நின்ற நிற்பிலேயே தெரிந்தது.
கக்கூஸைக் கைகாட்டினேன்.

நாலரை நட்சத்திரமாம்.
பக்கத்துக் காட்டுத் தவமலர்
நர்சிங் லீவில் வந்தபோது வாசித்தாள்.
அமைதியான இடம். ஐந்து.
நாய் கடிக்கவில்லை. ஐந்து.
சூரியன் வரவில்லை, ஆனாலும் போகலாம். நாலு.
அங்கே ஒரு அம்மா முறைக்கிறார். ஒன்று.
நான் முறைக்கவில்லை.
பூண்டைப் பரணில் கட்டி அடியில் மூட்டம் போட்டால்
எவருக்கும் கண் அப்படித்தான் இருக்கும்.

எடுத்துவிடலாம் பெரியம்மா என்றாள்.
ரெண்டே தட்டு.
என்ன குறை என்று அது கேட்டது.
பதிலையும் அதுவே வைத்திருந்தது,
ஒன்றைத் தொட்டால் போதும்:
நிரந்தரமாக மூடப்பட்டது.
வேறொன்றின் நகல்.
இப்படி ஓர் இடமே இல்லை.

விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
இந்த நாற்பத்தேழு சென்டுக்கு
பட்டா இன்னும் மாமனார் பேரில்.
அவர் போய்ப் பதினோரு வருசம்,
அவர் மகன் போய் ஆறு.
மனு கொடுத்த சீட்டு அரிசி டப்பாவில் இருக்கிறது,
வண்டு விழாமல் வேப்பிலையோடு.
இப்படி ஓர் இடம் உண்டு என்று
இதுவரை சொன்னது
அந்தக் குண்டூசி ஒன்றுதான்.
அதையும் என் விரலாலேயா?

எழுது என்றேன்.
இது கமலவேணி காடு.
சூரியன் கக்கூசுக்குப் பின்பக்கம் வரும்.
பாத்தியை மிதிக்காதீர்கள்.
அனுப்பினாள். கண்மூடித் திறக்குமுன் பதில்:
நன்றி. உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.

நான் சிரித்த சிரிப்புக்கு நாய் எழுந்து குரைத்தது.
கொடைக்கானல் ஆபீசில் அந்தக் கிளார்க்
தலையைத் தூக்காமல் சொன்ன அதே வாக்கியம்.
இதாவது நன்றி சொல்கிறது.

இன்று நாலு ஐம்பதுக்கு
வெளிச்சம் வழுக்கிக்கொண்டு இறங்கியது.
சேருமிடம் வந்துவிட்டீர்கள் என்றாள் அவள்.
இன்னும் கொஞ்சம் நடக்கணும் என்றேன் நான்.
டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து
வரப்போரமாகக் கூட்டிப்போனேன்,
ஒருத்தர் பின்னால் ஒருத்தராக.

விறகுக்கட்டைகள் மேல் ஏழு பேர்.
ஒருத்தருக்கும் சிக்னல் இல்லை.
பூம்பாறைப் பக்கத்து மலைவிளிம்பு
சாம்பலாய்க் கிடந்து,
தோலுரித்த பல்லாய் வெளுத்து,
பிறகு யாரும் பார்க்க முடியாதபடி ஆனது.

எல்லோரும் படம் எடுத்தார்கள்.
ஓரத்தில் என் கக்கூஸ் கதவும்
விழுந்திருக்கும்.