பற்றுச்சீட்டு 417

பெட்டவாவா முகாம் வாசலுக்கு எதிரே
எங்கள் சலவைக் கடை.
மைனஸ் இருபத்தாறில்
முழங்கையால் கதவைத் தள்ளி வந்தான் தெரியோ.
இரண்டு சீருடை, ஒரு நீலத் தொப்பி.
"இந்தச் செம்மண் போகுமா?"

போகும் என்றேன்.
எந்த நாட்டு மண்ணென்று கேட்கவில்லை.
அவனாகவே சொன்னான்:
"பார்த்தோம். குறித்துக்கொண்டோம்.
குறுக்கே போகக்கூடாது என்பது உத்தரவு."

இரண்டாயிரத்து எட்டு, புரட்டாதி.
கிளிநொச்சியில் வெள்ளை வாகனங்களை
மறித்துக் கிடந்தவர்களில் நானும் ஒருத்தி.
போகாதேங்கோ, போகாதேங்கோ.
அவர்களும்
குறித்துக்கொண்டுதான் போனார்கள்.

அதை அவனிடம் சொல்லவில்லை.
பதினெட்டு டொலர் என்றேன்.

மூன்று தரம் வெளுத்தும்
தொப்பியின் உள்பட்டியில் ஒரு கோடு
போகவில்லை.
நகத்தால் சுரண்டினேன்.
பிறகு கையை எடுத்துவிட்டேன்.

பங்குனியில் ஆற்றுப் பனி வெடித்தது.
தெரியோ வரவில்லை.
வேறு முகாமாம் என்றார் ஒருவர்,
ஆஸ்பத்திரி என்றார் இன்னொருவர்.

'முப்பது நாளுக்கு மேல் பொறுப்பில்லை':
நானே எழுதி ஒட்டிய அட்டை.
அதன் கீழேதான் தொங்குகிறது
எங்கள் பக்கம் வராத அந்த நீலம்.

மாதம் பிறந்தால்
பற்றுச்சீட்டில் திகதியை வெட்டி
புதிதாக எழுதுகிறேன்.