மூன்று மில்லிமீட்டர்

கப்பலூர்ப் பட்டறையில் தகரக் கூரை கொதிக்க
மேசைமேல் கிடக்கிறது நான்காம் எண் வால்வு.
சிவப்புச் சாயம் பூசித் துடைத்து
வெள்ளைப் பொடி தெளித்துவிட்டுக் காத்திருக்கிறேன்.
விதிப்படி பத்து நிமிடம்.
எட்டாவது நிமிடத்தில்
திருநீற்று நெற்றியில் குங்குமம் கரைந்தாற்போல்
வெல்டிங் ஓரத்தில் கசிந்து எழுந்தது
மயிரிழைச் சிவப்பு.

அளந்தேன். மூன்று மில்லிமீட்டர்.

துளசிராம் சிரித்தார். டீ சொல்லி அனுப்பினார்.
"மூணு மில்லிக்கா மேடம்? அங்க இதே மாதிரி
இன்னும் மூணு இருக்குல்ல.
ஒண்ணு மக்கர் பண்ணா மத்தது பாத்துக்கும்."

நாலும் அப்படியே நினைத்தால் என்றேன்.
மற்ற மூன்றும் இல்லவே இல்லை என்று
ஒவ்வொன்றும் தனியே நிற்கவேண்டும்,
அதற்குத்தான் நான்கு.

அவர் அறியாததல்ல.
அக்னி நட்சத்திரத்தில் இருட்டிய பிறகு
சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு நடந்தவர்தான்.
சூரியன் போய் வெகுநேரமாகியும்
கல் விடாது.
உலையும் அப்படி.
நின்றுவிட்டது என்று பலகை சொன்ன பிறகும்
உள்ளே எரிபொருள் சுட்டுக்கொண்டிருக்கும்
நாள்கணக்கில், மாதக்கணக்கில்.
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் இருக்காது,
ஆள் பதறிக்கொண்டிருப்பான்,
தண்ணீருக்கு ஒரு வழி திறக்கவேண்டும்.
அந்த வழி இது.

முத்திருளன் அதுவரை பேசவில்லை.
கையுறையைக் கழற்றி மடித்தான், மறுபடி விரித்தான்.
"மூணாவது சுத்துல கரண்ட் போச்சுங்க.
சூடு ஆறிருச்சு. திரும்ப ஏத்தாம ஓட்டிட்டேன்.
எழுதலாம்னுதான் இருந்தேன்."

டீ கிளாஸைத் துளசிராம் கீழே வைத்த சத்தம்.

பதிவேட்டில் 'குறைகள்' என்ற பத்தி
பதினோரு மாதமாக வெள்ளையாகக் கிடக்கிறது.
எந்த விரிசலும் என்னை
இவ்வளவு பயமுறுத்தியதில்லை.
பேனாவை அவன் கையில் கொடுத்தேன்.
கோணல் எழுத்தில் இரண்டு வரி.
ஒரு பிழை இருந்தது, திருத்தவில்லை.

'தள்ளுபடி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
இவன் சம்பளத்தில் கைவைக்காதீர்கள் என்பதற்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.
வாயால் சொன்னேன்.
துளசிராம் கிரைண்டரின் சுவிட்சைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் என் விரலைப் பார்த்தார்.
சாயம், மூன்று நாள் போகாது.
"எந்தக் கோயில்மா?"
கப்பலூர் என்றேன்.
கப்பலூரில் எது என்று யோசித்தபடியே
ஒரு ரூபாய் குறைவாகச் சில்லறை தந்தார்.
எண்ணிப் பார்த்துக் கேட்டு வாங்கினேன்.