வைகாசிக் கட்டம்

காலண்டரில் ஆடி.
மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள்.
சாட்ஸ்வர்த்தில் அது குளிர்காலம்;
ஒரு கையில் கிண்ணம், மறு கையால்
ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொள்கிறோம்.
மாதங்களின் பெயர்தான் கப்பலேறி வந்தது,
வெயில் ஏறவில்லை.

அதனால் தோட்டத்துக்கு
நானே ஒரு பஞ்சாங்கம் எழுதினேன்.
மருந்துக்கடைக் காலண்டரின் முதுகில்
பன்னிரண்டு கட்டம்:
எந்த மாதம், யார் வருவார்,
வந்தால் என்ன தின்பார்.

ஆடிக்குக் கற்றாழை.
முழங்கை நீளச் சிவப்புக் கதிர்,
அதில் தலைகீழாய்த் தொங்கி
மூக்கெல்லாம் மகரந்தம் பூசிக்கொள்ளும் தேன்சிட்டு.
ஆவணிக்கு முள்முருங்கை.
ஓர் இலைகூட உடுத்தாமல் பூக்கும்,
நம் கல்யாண முருங்கைக்கு
ஒன்றுவிட்ட அக்கா.

மற்றதெல்லாம் பங்களாதேஷ் மார்க்கெட்டில் வாங்கியது.
ஹ்லெங்கிவே பால்வடியும் முட்செடி ஒன்றை நீட்டி
'அமாதுங்குலு' என்றாள்.
வெள்ளைப் பூவை முகர்ந்து
'களா' என்றேன்.
சிரித்தோம். விலை குறையவில்லை.
அடுத்த தொட்டியைக் காட்டி 'உம்தோனி' என்றாள்.
'நாவல்.'
அதற்கு மட்டும் ஐந்து ராண்டு விட்டுக்கொடுத்தாள்.

அந்த நாவல் காய்க்க ஆறு வருடம் ஆயிற்று.
இப்போது மார்கழி முழுக்க
கொடியில் காயும் வெள்ளைத் துணியில்
கொண்டைக்குருவிகள் ஊதா மை தெளிக்கின்றன.

கார்த்திகைக் கட்டத்தில் சண்டை.
கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது.
நான்கு நாளில் அது பச்சையாகி,
தொட்டால் ஆரஞ்சுக் கொம்பு நீட்டி நாறியது.
'மீன் குழம்புக்கு என்ன போடுவாய்?' என்றான் சிவேந்திரன்.
கிழக்குக் கிளை புழுக்களுக்கு,
மேற்குக் கிளை குழம்புக்கு
என்று ஒப்பந்தம் செய்தேன்.
அவை ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை.
அந்த வாரம் குழம்பு வெறும் புளியாய் இருந்தது.
அடுத்த மாதம் கறுப்பில் மஞ்சள் தெறித்த சிறகுகள்
சமையலறை ஜன்னலில் மோதிப் போயின.
அவன் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

சித்திரைக்குக் காட்டு டாகா.
பெயரைக் கேட்டதும்
போலீசுக்குச் சொல்ல வேண்டுமா என்றார்
பக்கத்து வீட்டு மிஸ்டர் படையாச்சி.
புகை இல்லை ஐயா, பூதான்;
தண்டில் அடுக்கடுக்காய் ஆரஞ்சு வளையல்.

வைகாசி காலி.
டாகா உதிர்ந்துவிடும், கற்றாழை இன்னும் மொட்டு.
சில்வர்கிளென் வரை போய்க் கேட்டேன்.
பத்துச் செடி சொன்னார்கள்.
எங்கள் முற்றத்தில் பத்து அடி இல்லை,
கார் வேறு நிற்கிறது.
மூன்று வருடம் அந்தக் கட்டம்
வெள்ளையாகவே கிடந்தது.

போன சனிக்கிழமை
சிவேந்திரன் புல்வெட்டியை இழுத்துக் கிளப்பினான்.
காய்ந்த டாகாத் தண்டுகள், கதிர் முற்றிய புல்,
எல்லாம் அசிங்கமாய் நிற்கிறதாம்.
கிளம்பிய சத்தம் சட்டென்று நின்றது.
'இங்கே வா' என்றான், மெல்ல.

தண்டின் முறிந்த முனையில்
பென்சில் நுழையும் அளவு ஓட்டை.
காதை வைத்தேன்.
உள்ளே யாரோ
தூக்கத்தில் முனகுவது போல ஒரு ரீங்காரம்.
அப்பால் ஒரே புல்தண்டில் ஆறு சில்லைகள்;
தண்டு தரை தொட்டது,
அவை விடவில்லை.

அன்றிரவு கட்டத்தில் எழுதினேன்:
வெட்டாதே.
காலையில் பார்த்தால்
அதன் கீழே அவன் கையெழுத்து:
ஆகஸ்ட் வரை மட்டும்.

சரி, பன்னிரண்டும் நிரம்பிற்று என்று
சுவரில் ஆணியடித்து மாட்டினேன்.

குரங்குகளுக்குக் கட்டம் போட மறந்திருந்தேன்.
நேற்று கூரை வழியே இறங்கி
ஆடிக்கான மொட்டுகளை
வைகாசியிலேயே தின்றுவிட்டுப் போய்விட்டன,
குட்டி ஒன்று மட்டும்
கற்றாழையின் கசப்பைத் துப்பித் துப்பி
இன்னொரு மொட்டைப் பறித்தது.