நிகர எடை

ஆந்தையை மார்பில் குத்திக்கொண்டு ஆடினால்
விளங்குமா என்று கேட்டார்கள்.
எலி பிடிக்கத் தோட்டம் வளர்க்கும் ஆந்தைதான்,
சம்பளம் கேட்காத ஒரே ஆள் என்று
வாயை அடைத்தார் முடிதிருத்தகம் அம்பிகைபாலன்.
அவர் பொருளாளர். கஜானா, ஒரு பிஸ்கட் டின்.

அப்படி உண்டானது சுங்கை கெலாடி ஆந்தைகள்:
பல்கலைக்கழகம் பூட்டுகிற மூன்று மாதத்துக்கு மட்டும்
ஒரு சாப்ட்பால் அணி.
பதினான்கு பெண்கள், தூங்கிக்கொள்ளப் பதினோரு வீடுகள்.
நாற்காலி மாரியம்மன் கோவிலுடையது,
ஒலிபெருக்கி சூராவுடையது,
கோடு போடும் சுண்ணாம்பு ஆ ஹெங் கடையில் கடன்.
இன்னும் கடன்தான்.
திடலுக்கு மூன்று பக்கம் லயம், பள்ளிக்கூடம், சாலை.
நான்காம் பக்கம் வேலி இல்லை,
நேரே செம்பனை.

எங்கள் வீட்டுக்கு வந்தவள் ரோவினா, சபாக்காரி.
ரசத்தைக் கோப்பையில் ஊற்றி
தே ஓ மாதிரி ஊதி ஊதிக் குடித்தாள்.
மங்களேஸ் அதற்கே விழுந்துவிட்டாள்.
இருபது வருடமாக எனக்கு ரசம் வைக்கிறவள்,
'இன்னும் கொஞ்சம்?' என்று கேட்டதை
அந்த ஜூலையில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.
என்னிடம் அல்ல.

நான் ஆலையில் எடைப்பாலக் கிராணி.
லாரி உள்ளே வரும்போது ஓர் எண்,
வெளியே போகும்போது ஓர் எண்,
கழித்தால் பழம்.
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
ஸ்கோர் புத்தகத்தையும் தந்துவிட்டார்கள்.
திடலின் விதிகளையும் நானே எழுதினேன், ஒரே தாளில்.
ஏழாவது விதி:
பந்து செம்பனைக்குள் போனால் இரண்டு பேஸ்.
ஓடுகிற எல்லோருக்கும் இரண்டு. மேலே இல்லை.

கடைசி ஆட்டம். கடைசி இன்னிங்ஸ்.
ஒன்று பின்னால் இருக்கிறோம், இரண்டு பேர் அவுட்,
முதல் பேஸில் கவிநிலா.
ரோவினா அடித்தாள்.

சத்தம் கேட்டது. அண்ணாந்தோம்.
பந்து கீழே வரவேயில்லை.
மூன்றாம் வரிசை மரத்தில், வெட்டிய மட்டைகளுக்கிடையே,
பெரணிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.
கவிநிலா ஓடி வந்து ஹோமை மிதித்தாள்,
பின்னாலேயே ரோவினா.
கோவில் நாற்காலிகள் கவிழ்ந்தன,
அம்பிகைபாலன் டின்னில் தாளம் போட்டதில்
நான்கு ரிங்கிட் சில்லறை புல்லில் சிதறியது.

நடுவர் என்னைப் பார்த்தார்.
நான் தாளைப் பார்த்தேன்.

"எழுதினவர்தானே, அழிச்சா என்ன?"
கூட்டத்தில் யாரோ.
மங்களேஸின் குரல் மாதிரி இருந்தது.
எடைப்பால ஜன்னலில் இதே கேள்வியை
சிகரெட் பாக்கெட்டோடு வைத்துக் கேட்டவர்கள் உண்டு.
தலையை ஆட்டினேன்.
கவிநிலா மூன்றாம் பேஸுக்குத் திரும்பி நடந்தாள்.
ரோவினா இரண்டில் நின்றாள், இடுப்பில் கை.
அடுத்து வந்த பெய் ஷான்
மூன்று முறையும் காற்றை அடித்தாள்.

அன்றிரவு மேசைக்கு வந்த கோப்பை ஒன்று.
அது என் பக்கம் வரவில்லை.

ஞாயிறு காலை, பஸ் புகைந்துகொண்டிருக்க,
"அங்கிள், அது நல்ல அடிதானே?" என்றாள்.
"இரண்டு பேஸ்" என்றேன்.
சிரித்தாளா, வெயிலுக்குப் பல்லைக் காட்டினாளா,
ஜன்னல் அழுக்கில் தெரியவில்லை.

புதன்கிழமை அந்த வரிசையில் அறுவடை.
லோம்போக்கிலிருந்து வந்த சுமார்டி
நீளக் கம்பு அரிவாளால் குலையை இழுக்க,
பந்தும் சேர்ந்து விழுந்திருக்கிறது.
உதிரிப் பழத்தோடு பொறுக்கி லாரியில் போட்டுவிட்டான்.
எடை போட்ட பிறகு டிரைவர் மேலே ஏறித் தேடி எடுத்து
என் ஜன்னலில் வைத்தான்:
"இந்தா, உங்க பழம்."
மஞ்சள் தோல் எண்ணெயில் சிவந்து,
தையல் ஒரு பக்கம் பிரிந்து.

நூற்றெண்பது கிராம் இருக்கும்.
எங்கள் தராசு பத்துக் கிலோவுக்குக் கீழே
எதையும் கண்டுகொள்ளாது,
தெரியும்.
இருந்தாலும் லாரியைப் பின்னால் எடுத்து
மறுபடி ஏற்றச் சொன்னேன்.
டிரைவர் முறைத்தான்.

அதே எண்.