ஆளுக்கொரு சக்கரம்

டிரெய்லரை மட்டும் பாகம் பிரிக்க முடியாது என்று
நீலாங்கரைக் குப்பத்துப் பஞ்சாயத்து கைவிரித்தது.
மாதம் மாற்றி மாதம் இழுத்துக்கொள்ளுங்கள்,
வலது சக்கரம் உன் பொறுப்பு,
இடது தேசப்பன் பொறுப்பு.
சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்கள்.

தேசப்பன் என் சகலை.
இன்ஜினுக்காக அடகு வைத்த வளையலில் தொடங்கியது.
அதை விடுங்கள்.
பதினோரு மாதமாகப் பேச்சில்லை.
பூட்டுச் சாவி மூசா டீக்கடையில்
பட்டர் பிஸ்கட் பாட்டிலின் மூடிமேல் கைமாறும்.

என் சக்கரத்தை நான் ஒழுங்காகத்தான் பார்த்தேன்.
ஜாக்கி கொடுத்து, தொப்பியை நெம்பி,
காட்டர்பின்னை நிமிர்த்தி உருவி,
பேரிங்கை டீசலில் அலசித் துடைத்து,
உள்ளங்கையில் கிரீஸ் உருண்டையை வைத்து
பேரிங்கின் விளிம்பால் வெட்டி வெட்டி அழுத்தினால்
உருளைகளின் இடுக்கு வழியே
மறுபக்கம் இடியாப்பமாய்ப் பிதுங்கும்.
அதுவரை அழுத்த வேண்டும்.
பிறகு நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு,
கால் சுற்று தளர்த்த வேண்டும்.
இறுக்கமென்றால் எரியும்,
தளர்ச்சியென்றால் ஆடும்.
சீல் மட்டும் பழசு.
நூற்றைம்பது ரூபாய்தானே, அடுத்த முறை.
இடது பக்கம் குனிந்தும் பார்க்கவில்லை.

மார்கழி, விடிய இன்னும் நேரமிருந்தது.
பழவேற்காட்டில் இறால் என்றார்கள்.
டாட்டா ஏஸின் பின்னால் படகு,
திருவான்மியூர் சிக்னல் எங்களுக்காகவே பச்சை.
எண்ணூர் தாண்டியதும் ஒரு முனகல்,
அத்திப்பட்டில் டீக்கு நிறுத்தி
ஹப்பில் கை வைத்தேன்.
வலது, தோலைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது.
இடது, காய்ச்சல் விட்ட குழந்தையின் நெற்றி.

கழற்றினால் கிரீஸைக் காணோம்.
டீக்கடைக்காரர் எனக்குத் தந்த அதே நிறத்தில்
பால் கலந்த ஒரு கூழ்.
உருளைகள் விஷம் ஏறினாற்போல்
நீலம் பாரித்துக் கிடந்தன.

எனக்கு உரிமையில்லாத சக்கரத்தையும் தூக்கினேன்.
தொப்பியின் உட்புறம் ஆணியால் கீறியிருந்தது:
ஐப்பசி 12.
அதற்கு மேல் ஆடி 3.
அதற்கும் மேல் தேய்ந்துபோன ஏதோ ஒரு மாதம்.
புதுச் சீல். உள்ளே கிரீஸ்
வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி.

கலாவதிக்குப் போன் போட்டேன்.
அவள் அக்காவுக்குப் போட்டாள்.
அக்கா குளியலறைக் கதவைத் தட்டிக் கேட்டாள்.
பதில் அதே வழியில் திரும்பி வந்தது,
இரண்டு பெண்களின் வாயில்
பாதி வசவு உதிர்ந்து:
“ஓடி வந்த சூட்டோட தண்ணில எறக்குறவன் அவன்.
சூடான ஹப்பு முங்குனா
உள்ள காத்து சுருங்கும்.
சுருங்குற காத்து உப்புத்தண்ணிய உறிஞ்சும்.
பழைய சீல் என்ன பண்ணும், பாவம்.”
அந்தப் பாவம் அக்கா போட்டதா,
கலாவதி போட்டதா,
அவனே சொன்னதா, தெரியவில்லை.

படகைக் காவலுக்கு டீக்கடையிடம் விட்டு
ஷேர் ஆட்டோவில் மீஞ்சூர் போய்,
லாரிப் பட்டறை திறக்கும்வரை உட்கார்ந்து,
பேரிங் இரண்டு, சீல் ஒன்று.
தெருவோரம் பூட்டி முடிக்க மணி பத்தரை.
தொப்பியைத் தட்டுமுன் ஆணி தேடிக் கீறினேன்,
மார்கழி 9.
ஒன்பது ஏழு மாதிரி வந்தது.

பழவேற்காட்டுக் கரையில் மற்ற படகெல்லாம்
போய்த் திரும்பிக்கொண்டிருந்தன.
“இன்னும் என்னண்ணே?” என்றான் கயிறு பிடிக்கிற பையன்.
இரண்டு ஹப்பிலும் மாறி மாறிக் கை வைத்தபடி
நின்றேன்.
தண்ணீர் ஏறி வந்து டயரின் முன் தயங்கியது.

என் மாதத்தில் தேசப்பன்
ஒரு நாளும் கரைக்கு வந்ததில்லை.
நான் சூட்டோடு இறக்குவது
அவனுக்கு எப்படித் தெரியும்?